அருளப்பன் பிரதர்ஸ் பிடித்த ஆட்கள்

இலங்கையில், பதுளையில் இறங்கிய அன்று எனக்குச் சோறு கிடைக்கவில்லை. கடைத்தெரு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பாடு கேட்டபோது, பரிமாறுகிறவர் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். வெள்ளிக்கிழமை. அரிசித் தட்டுப்பாட்டால் ஓட்டல்களில் சோறு விற்கக் கூடாத நாள். நம் ஊர் பிரெட்டுக்கு அங்கே பாண் என்று பெயர். அதில் இரண்டு துண்டும் ஒரு கிண்ணம் பருப்புத் தண்ணீரும் வந்தன. எதிரில் இருந்தவர் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, மற்றதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திருச்சியை விட்டுப் புறப்பட்ட காலையில், இட்லி ஆறிப்போய்விட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு வந்தவன் நான்.

எழுபத்து நான்காம் வருஷம், மே மாதம். நான் பள்ளிக்கூட வாத்தியார். குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் கோடை விடுமுறை உண்டு என்பதால் அண்ணன் என்னை அனுப்பினார். அண்ணன் திருச்சியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருக்கு முன் அப்பா வைத்திருந்தார். அதற்கும் முன்னால் எங்கள் தாத்தா அருளப்பனும் அவருடைய தம்பி சூசையும் பதுளையில் வைத்திருந்தார்கள். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலத்தில், காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் வைக்கோல் அடைத்த பெட்டிகளில் போட்டு, மாட்டு வண்டியில் மலைப்பாதையில் கொண்டுபோனார்களாம். ஊவா மலையில் முதலில் படம்பிடித்த தமிழர்கள் அவர்கள்தான் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. "தாத்தா துரைமார்களை மட்டும்தான் எடுத்தார். தோட்டத்து ஆட்கள் பக்கம் காமிராவைத் திருப்பினதே கிடையாது" என்று அப்பா சொல்லிச் சொல்லி, நானும் வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் ஸ்டூடியோவுக்கு ஒரு மலர் போட நினைத்தார். அதற்குத் துரைமார் படங்களும் பங்களாக்களும் குதிரைகளும் வேண்டும். "கிடைச்சதை அள்ளிக்கிட்டு வா" என்று சொல்லியிருந்தார்.

தாத்தா வயதான காலத்தில் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். சூசைத் தாத்தா பதுளையிலேயே இறந்தார். அவருடைய மகன் சின்னப்பன், எனக்குச் சித்தப்பா முறை, கடையைக் கடைசிவரை நடத்திவிட்டு, கட்டடத்தை விற்று, கொழும்புக்குப் போய் அங்கே காலமானார். கட்டடம் இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது.

இருந்தது. இரும்புச் சாமான் கடையாக மாறியிருந்தது. மண்வெட்டிகள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள், கட்டுக் கம்பிகள். நான் போன நேரம் கடைக்காரர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். மழை வந்துவிட்டது. தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். பக்கத்துக் கடையில் பாண் வாங்க ஒரு நீண்ட கியூ. அதில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஒதுங்கியிருந்த தபால்காரர், தமிழர், கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார். "தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சீக்கிரம் இந்தியாவுக்குப் போய்விட்டால் இந்த வரிசை பாதியாகும்" என்றாள் ஒருத்தி. "அப்புறம் தேயிலையை யார் பறிப்பது?" என்றாள் மற்றவள். முதல் பெண் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. தபால்காரர் தன் பையை மழைக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டார்.

கடைக்காரர் பெயர் காசிம். கடைத்தெரு முழுக்க அவரைக் காசிம் நானா என்றுதான் அழைத்தது; நானா என்றால் அண்ணன். அறுபது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் என்னை நன்றாகப் பார்த்தார்.

"அருளப்பன் முதலாளிட பேரனா? உள்ளுக்கு வாங்க. நான் இந்தக் கடையில வேலை செஞ்ச ஆள். பொறவுதான் இத வாங்கின."

படங்களைப் பற்றிக் கேட்டேன்.

"படம் ஒண்ணும் இல்ல தம்பி. யுத்த காலத்தில கண்ணாடிக்குத் தட்டுப்பாடு. உங்கட சித்தப்பா தகடு எல்லாத்தையும் கழுவி வித்துட்டார். சுடுதண்ணியில சோடாவப் போட்டு ஊறவெச்சா, உருவம் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். நானே உரிச்சீக்கிறேன். சாமிப் படத்துக்கு பிரேம் போட வாங்கிட்டுப் போனாங்க."

"துரைமார் படம் எல்லாமா?"

அவர் சிரிக்கவில்லை. "இந்த மலையில எத்தின துரைமார் ஈந்தாங்க தம்பி? அவங்கள மட்டும் பிடிச்சு ரெண்டு குடும்பம் பொழைக்க ஏலுமா?"

மறுநாள் காலை வரச் சொன்னார். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை, கடையின் பின்பக்கம், ஆணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறந்தேன். கரையான் தின்ற திரைச்சீலை ஒன்று, உடைந்த முக்காலி ஒன்று, தோல் அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம். புத்தகம் முழுக்கத் தாத்தாவின் கையெழுத்து. அழகான கையெழுத்து. அது எனக்கும் வந்திருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு தோட்டத்தின் பெயர். கீழே எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பிறந்த இடம், அங்க அடையாளம். "முத்தன், த/பெ வீரன், வயது 22, பிறந்தது துறையூர், இடது காதில் துளை கிழிந்தது." "காளியம்மை, க/பெ பழனி, வயது 18, பிறந்தது இங்கேயே, கழுத்தில் மரு." பக்கம் பக்கமாக இப்படியே. சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் "ஓடினவன்" என்று எழுதியிருந்தது. அவற்றில் சிலவற்றின் கீழே, அதே சிவப்பில், "பிடிபட்டான்."

துரைமார்களும் இருந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கம்.

"தோட்டத்த விட்டு ஓடுற ஆக்களைப் பிடிக்கத்தான் இந்தப் படம்," என்றார் காசிம் நானா. "ஆள் ஓடினா, உங்கட தாத்தா அந்த ஆள்ட படத்தில இன்னும் காப்பி எடுத்து மத்தத் தோட்டங்களுக்கு அனுப்புவார். எங்கயும் வேலை கெடைக்காது. திரும்பி வரணும். கடை ஓடினது அதிலதான்."

பால் விடாத வெறுந்தேத்தண்ணி வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் கூடத்துச் சுவரில் மாலை போட்டு வைத்திருக்கிற தாத்தா, ஒரு பெண்ணின் கழுத்து மருவைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டிருப்பதை நினைக்க வேண்டியிருந்தது.

காசிம் நானா அதோடு விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டம் தோட்டத்து மக்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் பிரஜா உரிமை உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிய யாரும் அக்கறைப்படாத காலத்தில் பிறந்த தகப்பன்கள் அவர்கள். காட்டுவதற்குக் காகிதம் இல்லை. ஆனால் இந்தப் புத்தகத்தில் இருந்தது. "பிறந்தது இங்கேயே" என்று தேதியோடு இருந்தது. எப்படியோ அது தெரிந்து ஆட்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். புத்தகத்தைப் பார்த்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று கேட்டார்கள்.

"உங்கட சித்தப்பா மாட்டேன் எண்டுட்டார். அவரும் அப்ப பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டீந்தார். ஊர்லேந்து லெட்டர் வந்தீக்கு, உங்கட அப்பா வேணாம் எண்டு எழுதீக்கார் எண்டு சொன்னார்."

அந்தக் கடிதத்தை எனக்குத் தெரியும். எழுதியது நான்.

அப்பா சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு சொல்ல, நான் கல்லூரிக்குப் போகும் அவசரத்தில் எழுதினேன். "தோட்டத்து ஆட்களுக்குச் சாட்சிக் கடிதம் எதுவும் கொடுக்க வேண்டாம். உன் விண்ணப்பத்துக்கே கெடுதல் வரும். அப்பா அந்த ஆட்களைப் படமெடுத்ததே இல்லை என்று சொல்லிவிடு." எழுதி முடித்ததும் அப்பா வாங்கிப் பார்த்து, "உங்க தாத்தா கையெழுத்து அப்படியே இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கடிதம் என் நினைவுக்கு வந்ததில்லை.

காசிம் நானாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "ஸ்பிரிங்வெளி ரோட்டில கல்லுமேட்டுத் தோட்டம் எண்டு ஒண்ணு ஈக்குது. அங்க பேச்சியம்மா எண்டு ஒரு பொம்பள. அண்ணனோட மூணு தடவ இங்க வந்தது. மனசிருந்தா புத்தகத்தக் கொண்டுபோய் ஒருக்கா காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஏறின பஸ் மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நம் ஊரில் பஸ் நின்றால் கண்டக்டரோடு நாலு பேர் சண்டைக்குப் போவார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை என்றதும் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு ஒரு விறகு லாரி கிடைத்தது. டிரைவர் சிங்களவர். என் மடியில் இருந்த புத்தகத்தைக் காட்டி, பைபிளா என்று சைகையில் கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன். தோட்டத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டார். மேட்டுப் பாதையில் ஏறும்போது செருப்பு வழுக்கியது. பார்த்தால் ரத்தம். இரண்டு அட்டைகள் கணுக்காலில் கொழுத்திருந்தன.

பேச்சியம்மா லயத்துக்குப் பின்னால் சரிவில் மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். கைவிரல்கள் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தன. நான் யாரென்று சொன்னேன். மண்வெட்டியை நிறுத்தி என் காலைப் பார்த்தார்.

"பிச்சு எறியாதீங்க, பல்லு உள்ளுக்கே நின்னுரும். வாங்க, உப்பு வைக்கிறேன்."

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அறையைக் காம்பரா என்கிறார்கள். அவருடைய காம்பராவின் முன்னால் என்னை ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தார். உப்பு வைத்ததும் அட்டைகள் விழுந்தன. வேகவைத்த கிழங்கும், இடித்த மிளகாயும், பாலில்லாத தேநீரான சாயத்தண்ணியும் கொடுத்தார். சீனியைத் தண்ணியில் போடவில்லை. என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, "நக்கிக்கிட்டே குடிங்க" என்றார். அவர் கையில் சீனி இல்லை.

புத்தகத்தை அவர் தொடவில்லை. "எங்கப்பா பேரு கருப்பையா. பாருங்க" என்றார்.

தேடி வாசித்தேன். "கருப்பையா, த/பெ சின்னான், வயது 17, பிறந்தது இங்கேயே, வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு."

"ஆமா. கவ்வாத்துக் கத்தி பட்டது," என்றார். என் விரல் இருந்த இடத்தைப் பார்த்து, "இங்கேயேன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"திரும்பவும் வாசிங்க."

வாசித்தேன். பிறகு அவர் தன் அண்ணன் வீரையாவைப் பற்றிச் சொன்னார். தோட்டத்து ஆபீசில் பழைய காகிதங்களோடு தூக்கிப் போட்ட தகப்பனின் படம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணனும் தங்கையும் மூன்று தடவை பதுளைக்கு நடந்தார்கள்.

"மூணாவது வாட்டி நல்ல மழ. உள்ளுக்கு வரச் சொல்லல. காசிம் நானாதான் வாசலுக்கு வந்து சொன்னாரு, முதலாளியோட பெரியப்பா கூலி ஆளுகள எடுத்ததே இல்லையாம், போகச் சொல்றாருன்னு. அண்ணன் படத்தத் திருப்பிக் காட்டுச்சு. பின்னால உங்க கடப் பேரு அச்சடிச்சு இருக்கு. அவரு குனிஞ்சுக்கிட்டாரு."

வீரையாவின் மனு தள்ளுபடியானது. பிறகு இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது அவர் இந்தியாவின் பங்கில் விழுந்தார். போன வருஷம் பெண்டாட்டி, பிள்ளைகள், கண் தெரியாத அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பேச்சியம்மாவின் புருஷனுக்கு இங்கே உரிமை கிடைத்திருந்ததால் அவர் இங்கே நின்றார். அம்மா மண்டபம் முகாமிலேயே இறந்துபோன செய்தி, ஒரு மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது.

"இப்ப திருச்சிப் பக்கம் ஒரு கேம்புல இருக்காங்களாம்."

"எங்க வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான்" என்றேன்.

"போயிருக்கீங்களா?"

"இல்லை."

"அங்க எங்காளுகள என்னான்னு சொல்லுவீங்க?"

"சிலோன்காரங்கன்னு."

"இங்க இந்தியாக்காரன்னு சொல்றாங்க," என்றார்.

அப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று பட்டது. சொன்னேன். கொடுக்க வேண்டாம் என்று ஊரிலிருந்து வந்த கடிதத்தை எழுதியது நான்தான், அப்பா சொன்னார், நான் எழுதினேன் என்று.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிழங்கின் தோலைச் சேர்த்து முறத்தில் போட்டார். "எத்தன வயசு அப்ப?"

"இருபது."

"விவரம் தெரிஞ்ச வயசுதான்," என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் முறத்தை வைத்துவிட்டு, பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டி யாரையோ கூப்பிட்டார்.

அரைமணி நேரத்தில் லயத்து வாசலில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் மனு நிலுவையில் இருந்தது. "எங்கப்பா பேரு இருக்கான்னு பாருங்க ஐயா." "எங்க மாமனாரு, பேரு சடையன்." நான் பெட்டிமேல் உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பினேன். பலருடைய பெயர் அதில் இல்லை. அவர்கள் பின்னால் போய் நின்றார்கள். எட்டுப் பேருடைய தகப்பன்கள் இருந்தார்கள், எட்டுப் பேருக்கும் "பிறந்தது இங்கேயே." அவர்களில் ஒருவன் ராஜாமணி. தேயிலை பேக்டரியில் வேலை, வயது இருபத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகி மூன்று மாதம். தன் அப்பாவின் பெயரை என் விரலுக்குக் கீழே அவனே வாசித்தான். "எங்கய்யாவுக்கு அப்பக் காதுல கடுக்கன் இருந்திருக்கு" என்று பின்னால் திரும்பிச் சொன்னான்.

கடைசியாக வந்தவர் மாடசாமி. நாற்பது வயசு, இருமல்காரர். தகப்பன் பெயர் இருளாண்டி. இருந்தது. "பிறந்தது" என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

"என்னா போட்டிருக்கு?"

"முசிறி தாலுகா."

மாடசாமி தகப்பன் இங்கே பிறந்தவர் என்றுதான் மனுப் போட்டிருந்தார். ஒரு பழைய கங்காணி அப்படிச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். நாலு பிள்ளைகள்.

"அந்தத் தாளக் கிழிச்சிறலாமா?" என்றார் ஒருவர்.

"கிழிச்ச புத்தகத்த பிரஜா உரிமை ஆபீசுல எடுக்கமாட்டாங்க," என்றார் பேச்சியம்மா. "எங்களுக்கு மனு எழுதின வக்கீல், அந்த ப்ரொக்டர், அப்பவே சொன்னாரு. முழுசாக் காட்டணும்."

முழுசாகக் காட்டினால் எட்டுக் குடும்பத்துக்கு வழி உண்டு. மாடசாமிக்கு இருக்கிற வழியும் அடைபடும். அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. "நீங்க காட்டுங்கப்பா, நான் என்னா பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே தன் காம்பராவுக்குப் போய்விட்டார். வாத்தியாராக இருபது வருஷம் பிள்ளைகளுக்கு விடை சொல்லிப் பழகியவன் நான். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராஜாமணிதான் ஒரு யோசனை சொன்னான். புத்தகத்தை ஆபீசுக்கு அனுப்ப வேண்டாம். புத்தகத்தில் உள்ளபடி என்று எட்டுப் பேருக்கும் நான் ஒவ்வொரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தை நான் ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். எல்லாரும் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இந்தவாட்டி எழுதுவீங்கல்ல?" என்றார்.

திங்கள்கிழமை முழுக்கக் காசிம் நானாவின் கடையில் உட்கார்ந்து எழுதினேன். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது. நான்கு நாளில் முதல் சோறு. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் வாசலில் டைப் அடிக்கிறவர் கடிதங்களை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார். "அருளப்பன் பிரதர்ஸ் உரிமையாளரின் பேரன்" என்று எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காசிம் நானா ஒவ்வொன்றையும் வாங்கி மை காயும்வரை ஊதினார்.

"வாசல்ல வந்து அவங்கட்டச் சொன்ன ஆள் நான்தான். பேச்சியம்மா சொல்லீப்பாங்க," என்றார்.

"சொன்னார்."

"நீங்க பேரப் பிள்ள. உங்களுக்கு என்னத்த தெரியும்," என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை கோச்சியில் புறப்பட்டேன். ரயிலை மலையில் கோச்சி என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. அன்று இந்தியாவுக்குப் போகிற குடும்பங்களும் அதே வண்டியில். தகரப் பெட்டிகள், அம்மிக்கல், கூண்டில் ஒரு சேவல். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வண்டி நகர்ந்தபோது பெட்டியோடு கூடவே ஓடிய ஒரு பெண்ணை, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். என் எதிர் ஸீட்டில் இரண்டு கனவான்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் சொன்னார்: "ஒவ்வொரு வாரமும் இதே சத்தம். ரயில்வேக்காரர்கள் இவர்களுக்குத் தனி வண்டி விடலாம்." ஹாலிஎல தாண்டி, அப்புத்தளையில் மூடுபனிக்குள் வண்டி நிற்கும்போதும் முன்பெட்டிகளில் அழுகை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அங்கே வாங்கிய வடையை நான் சாப்பிடவில்லை.

திருச்சிக்கு வந்ததும் அண்ணனிடம் புத்தகத்தைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். "இதை வச்சு என்ன செய்யறது? துரைமார் படம் ஒண்ணுகூடக் கிடைக்கலையா?" என்றார். மலருக்கு நான் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தை அவர் போடவில்லை. எங்கள் பேச்சு அதோடு குறைந்துவிட்டது.

அந்த வாரமே வீரையாவின் முகாமுக்குச் சைக்கிளில் போனேன். நீலகிரிப் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாலு மாதம் கழித்து ராஜாமணியிடமிருந்து கடிதம் வந்தது. நான் எழுதிக் கொடுத்த எட்டையும் ஆபீஸ் திருப்பி அனுப்பியிருந்தது. மூலப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினால் மட்டும் பரிசீலிக்கலாமாம். நான் உடனே பதில் எழுதினேன். புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் சொன்னால் நானே கொண்டு வருகிறேன், முடிவு உங்களுடையது என்று. முடிவு உங்களுடையது என்று எழுதுவது எவ்வளவு சுலபம்.

பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. "ஐயாவுக்கு வணக்கம். எட்டுப் பேரும் கூடிப் பேசினோம். பேச்சி அக்காவும் இருந்தாங்க. புத்தகம் கொண்டு வர வேண்டாம். மாடசாமி அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். உங்களுக்குச் சிரமம் கொடுத்ததுக்கு மன்னிக்கவும்."

அடுத்த கோடை விடுமுறையில் இன்னொரு கார்டு வந்தது. எட்டுப் பேருடைய மனுவும் தள்ளுபடி. மாடசாமியின் மனுவும் தள்ளுபடி. சத்தியம் செய்த கங்காணி செத்துப்போனதால் அந்தச் சாட்சி செல்லாது என்றுவிட்டார்களாம். எல்லாருக்கும் ஒரே கப்பலில் டிக்கெட். இறங்கும் நாளைக் குறிப்பிட்டிருந்தான்.

நான் மண்டபம் போனேன். புத்தகத்தையும் எடுத்துப் போனேன். எதற்கு என்று தெரியாது. முகாமில் ஒரு நீண்ட கொட்டகை, மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, வெயிலில் வரிசை. மலையிலிருந்து வந்தவர்கள் கம்பளிச் சட்டையைக் கழற்றவும் இல்லை. வரிசையில் ராஜாமணிக்குப் பின்னால் நின்ற மாடசாமி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். ராஜாமணி கைக்குழந்தையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு மேஜை முன்னால் போய் நின்றான்.

"சொந்த ஊரு?" என்றார் குமாஸ்தா.

"பதுளைங்க."

"அது வந்த ஊரு. சொந்த ஊரு எது? உங்கப்பா ஊரு?"

"அதுவும் பதுளைதாங்க. கல்லுமேட்டுத் தோட்டம்."

குமாஸ்தா கெட்டவர் இல்லை. வெயிலில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, இந்தியாவில ஒரு ஊரு சொல்லுப்பா. இல்லாட்டி இந்தக் கட்டத்தை நான் எப்படி நிரப்புறது?"

ராஜாமணி திரும்பி வரிசையில் என்னைத் தேடினான். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் எதைக் காட்டுவது? புத்தகத்தில் அவன் அப்பாவுக்கு ஊர் இல்லை, "இங்கேயே" என்றுதான் இருக்கிறது. அந்த "இங்கே" கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"முசிறின்னு போட்டுக்குங்க," என்றான். "பின்னால வர்ற அண்ணனுக்கும் அதே ஊருதான்."